பனிநிலவும் பழைய ஏடும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி, வானியல் ஆராய்ச்சிக்கென வெளிவருஞ் சஞ்சிகையொன்றிலே ஒரு கட்டுரை வெளியாயிற்று. சனிக்கிரகத்தைச் சுற்றிவரும் என்சலடஸ் என்னுஞ் சிறு நிலவின் பனிப்பாறை வெடிப்புக்களினூடே பீறிட்டெழும் நீரிலே, உயிர்ப்பொருள்களின் ஆக்கத்துக்கு உதவவல்ல சேதனச் சேர்வைகள் பல காணப்படுகின்றன என்பது அதன் சாரம். பத்திரிகைகள் தம் வழக்கப்படி, வேற்றுலகில் உயிர் உண்டோ என்று தலைப்பிட்டு இரண்டு நாள் ஆரவாரித்துவிட்டு மூன்றாம் நாள் மறந்துபோயின. உயிரைப்பற்றிய முடிந்த முடிபு எதுவும் அக்கட்டுரையில் இல்லை. அதை எழுதினோரும் அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை. ஆயின் ஊன்றி நோக்கத்தக்க செய்தி வேறொன்று அதிலே உண்டு. அப்பனித்துகள்கள் கருவியில் அகப்பட்ட நாள் 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி. அவற்றைப் பிடித்த காசினி விண்கலமோ 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி சனியின் வளிமண்டலத்துட் பாய்ந்து எரிந்தொழிந்தது. துகள் அகப்பட்டுப் பதினேழாண்டும், கலம் மறைந்து எட்டாண்டும் கழிந்தபின் அதன் ஏட்டிலிருந்து புதுச்செய்தி பிறந்திருக்கின்றது.

என்சலடஸ் மிகச் சிறிய நிலவு. அதன் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பருத்தித்துறை தொடங்கித் தெய்வேந்திரமுனை வரையுள்ள நம் தீவின் நீளத்தினுஞ் சற்றே கூடியது, அவ்வளவுதான். 1789ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் அதனைக் கண்டார். தன்மேல் விழும் வெயிலை ஏறக்குறைய முழுவதுந் திருப்பியெறியும் வெண்பனி போர்த்த அவ்வுருண்டை, உள்ளும் புறமும் என்றோ உறைந்து இறுகியிருத்தல் வேண்டுமென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது.

அவ்வெண்ணத்தை வலுவாய் அசைத்தது வொயேஜர் இரண்டாங் கலம். 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதப் பிற்பகுதியில் அது சனியைக் கடந்தது. அனுப்பிய படங்களிலே, ஒரு பாற் குழிகள் நிறைந்தும் மறுபால் ஒரு தழும்புமின்றி வழவழப்பாயும் அந்நிலவு தோன்றிற்று. தழும்பில்லாத முகம் புதிய முகம். யாதோ ஒன்று பழைய நிலத்தை அழித்து எழுதிக்கொண்டிருக்கிறது என்று அறிஞர் ஊகித்தனர். அதற்குள் ஒரு விபத்து. கலம் சனியின் பின்புறம் மறைந்திருந்த வேளையிலே, ஒளிப்படக் கருவிகளைத் தாங்கித் திருப்பும் மேடை இறுகிப் பிடித்துக்கொண்டது. கலம் மறுபுறம் வெளிப்பட்டபோது, நிலவை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு வெறும் இருண்ட வானத்தின் படங்களே வந்து சேர்ந்தன. சில நாட்களிலே மேடை மறுபடியும் அசையலாயிற்று. ஆயின் கலம் நிலவைத் தாண்டிவிட்டது. எடுக்கக் கருதிய மிகத் தெளிவான படங்களுட் சில கிடையாமலே போயின. பின்னொரு கலம் அங்கே போய்ச் சேர இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1997ஆம் ஆண்டு புறப்பட்ட காசினி, 2004ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி சனியை அடைந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் என்சலடஸை 1,200 கிலோமீற்றருக்குச் சற்று மேலான தொலைவிலும், மார்ச்சில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தொலைவிலுங் கடந்தது. கலத்திலிருந்த காந்தமானியின் பொறுப்பாளர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிஷேல் டொஹேர்ட்டி அம்மையார். நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்று குடியேறிய தென்னாபிரிக்க நாத்தால் நாட்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் அவர். சனியின் காந்தப்புலக் கோடுகள் அச்சிறு நிலவை அணுகுமிடத்தில் வளைந்து விலகுவதை அவர் குழுவினர் கண்டனர். பாறையும் பனியுமே ஆன உருண்டையாயின் கோடுகள் அவ்வாறு வளையா. காற்றுப் போர்வை போன்ற ஒன்று அங்கே தடுத்து நிற்றல் வேண்டும். ஆனால் அவ்வளவு சிறிய நிலவு காற்றைப் பிடித்துவைத்திருக்கவல்ல ஈர்ப்பு உடையதன்று.

அடுத்த சந்திப்பு ஜூலை மாதம் ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நிகழுமாறு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அம்மையார், இன்னும் மிக நெருங்கிச் செல்லல் வேண்டும் என்று வாதாடினார். கோடிக்கணக்கான பொருட்செலவில் ஆன கலத்தின் வழியை, ஒரு கருவியின் முள் காட்டிய சிறு கோணலை நம்பி மாற்றுதல் எளிய காரியமன்று. கலத்தை நடத்துவோர் இறுதியில் இணங்கினர். 2005ஆம் ஆண்டு ஜூலை 14ஆந் திகதி, நிலவின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் உயரத்திற் காசினி பறந்தது. தாம் சொன்னது பிழைத்திருக்குமாயின் பின்னர் எவரும் தம் சொல்லைக் கேளார் என்று அந்நாட்களிற் பட்ட அச்சத்தை அம்மையார் பிற்காலத்தில் மறைக்கவில்லை. சொன்னது பிழைக்கவில்லை. தென்துருவத்தில் நாற்பெரும் வெடிப்புக்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கிலோமீற்றர் நீளமாய், சுற்றுப்புறத்தினும் வெப்பமுற்றிருந்தன. அவற்றினின்று நீராவியும் பனித்தூளும் எழுந்துகொண்டிருந்தன. அவ்வாண்டு நவம்பரில், கரோலின் போர்க்கோ அம்மையார் தலைமையிலான படக்குழுவினர், ஞாயிற்றின் எதிரொளியிலே ஊற்றுக்கள் வரிசையாய் விண்ணிற் சீறியெழும் படத்தைப் பெற்றனர். டொஹேர்ட்டி அம்மையார் 2025ஆம் ஆண்டு ஜூலையிற் பிரித்தானியாவின் அரச வானியலாளராய் நியமனம் பெற்றார். மூன்றரை நூற்றாண்டு பழமையுடைய அப்பதவியிற் பெண்ணொருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை.

இத்தகைய சந்திப்புக்களை விஞ்ஞானிகள் நேரிற் கண்டு களித்தனர் என்று எண்ணுவோமாயின் அது தவறு. கலம் நிலவை அணுகும்போது அதன் பெரிய வானொலி ஏனம் புவியை நோக்குவதில்லை; கருவிகளை நிலவை நோக்கித் திருப்புவதற்காக முழுக்கலமுந் திரும்பிவிடும். 1992ஆம் ஆண்டிற் செலவைச் சுருக்கும்பொருட்டு, வொயேஜருக்கிருந்தது போன்ற திரும்பு மேடையைக் காசினிக்கு வேண்டாமென்று நீக்கிவிட்டனர். ஆகவே பன்னிரு கருவிகளும் கலத்தின் உடலோடே பிணைக்கப்பட்டன. ஒன்று வேண்டியதைப் பார்க்கும்போது மற்றொன்று வேண்டாததைப் பார்த்தாக வேண்டும். நெருங்கும் அந்தச் சில நிமிடங்கள் யாருக்கு என்பதில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நிகழ்ந்தது. காணிக்கு எல்லை வேலி போடும் நம்மூரார் வழக்குக்கு அது சற்றுங் குறைந்ததன்று. வேறுபாடு, இங்கே பங்கிடப்பட்டவை விநாடிகள். பங்கீடு முடிந்து கட்டளைகள் அனுப்பப்பட்டபின் எவருஞ் செய்வதற்கு ஒன்றுமில்லை. கலம் மௌனமாய்ப் பறக்கும். பின்னர்ப் புவியை நோக்கித் திரும்பித் தான் கண்டதை உரைக்கும். அவ்வுரை ஒளியின் வேகத்தில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நிகழ்ந்தது நலமோ தீங்கோ, அறியும்போது அது பழங்கதையாகிவிடும்.

2008ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி அத்தகைய தீங்கு ஒன்று நேர்ந்தது. ஊற்றுக்களினூடே முதன்முறையாக ஆழப் புகுந்து, 50 கிலோமீற்றர் உயரத்தில் மட்டும் பறக்கத் துணிந்த நாள் அது. தூசியாராயுங் கருவி, ஜேர்மனிய விஞ்ஞானிகளின் பொறுப்பிலிருந்தது. பனித்துகள் அதன் உலோகத் தகட்டில் மோதி ஆவியாகும்; அவ்வாவியின் கூறுகளைக் கருவி நிறை பிரித்து அறியும். அந்நாளுக்கென்றே, துகள்களை மேலும் விரைவாய் எண்ணும் புதிய நிரலொன்றை அதற்கு இட்டிருந்தனர். அந்நிரல் இடறிற்று. மிக நெருங்கிய வேளையிலே கருவி யாதொன்றையும் பதியவில்லை. ஏனைய கருவிகள் தத்தம் பணியைச் செய்தன. தூசிக்குழுவினருக்கு மட்டும் வெற்றேடு. ஆண்டுகள் பல ஆயத்தஞ் செய்து, ஒரு நிமிடத்தில் யாவும் இழந்தவர் நிலையை, மழையை நம்பி விதைத்துக் கதிர் முற்றும் வேளையிற் பயிரை வெள்ளத்துக்குக் கொடுத்த கமக்காரனே அறிவான்.

ஏழு மாதங் கழிய, ஒக்டோபர் 9ஆந் திகதி மறு வாய்ப்பு வந்தது. இம்முறை உயரம் 25 கிலோமீற்றர். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 18 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரத்திலிருந்து கோப்பாய்க்கு வந்துசேர அவ்வேகத்துக்கு விநாடியிற் பாதியுந் தேவையில்லை. கருவி இம்முறை பணி செய்தது, துகள்கள் பதிவாயின. எனினும் அப்பதிவுகளின் முழுப்பொருளும் அன்று விளங்கவில்லை. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்திற் பணிபுரியும் நுஸைர் கவாஜா என்பவரும் அவருடன் ஆய்ந்தோருமே, 2025ஆம் ஆண்டில் அவற்றுக்குப் பொருள் கண்டனர். கவாஜா பாகிஸ்தானிற் பிறந்தவர். மெதுவாய் மோதும் பனித்துகளிலே நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு, வேறு சில சேர்வைகளின் அடையாளத்தை மூடிவிடுகின்றன. பதினெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் மோதும்போது அவ்வாறு திரள்வதற்கு இடமில்லை, மூடியிருந்தவை வெளிப்படுகின்றன. எசுத்தர், ஈதர் முதலிய சேர்வைகளும், நைதரசனும் ஒட்சிசனுங் கொண்ட வேறு சிலவும் இங்ஙனம் அறியப்பட்டன. அதிவேகம் ஆய்வுக்கு இடையூறு என்று எண்ணுவதே இயல்பு. அதுவே இங்கே திரையை விலக்கிற்று.

மற்றொரு பயனும் உண்டு. இச்சேர்வைகள் கடலிலிருந்து வந்தனவல்ல, விண்கதிர்கள் தாக்கப் பனியின்மேலே தோன்றியனவாய் இருக்கலாம் என்ற ஐயத்தை, இத்தாலியிற் பணிபுரியும் ஆய்வாளர் சிலர் 2025ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளப்பியிருந்தனர். ஐயம் நேரியதே. ஆயின் 2008இற் பிடிபட்டவை, வெடிப்பினின்று எழுந்து சில நிமிடங்களே ஆன புதுத்துகள்கள். வெளியே நெடுங்காலம் மிதந்து கதிர் தாக்குண்ட பழந்துகள்களிற் கண்டவையே இவற்றிலுங் காணப்படுதலால், கடலே மூலம் என்னும் பக்கம் வலுப்பெறுகின்றது. வழக்கு முற்றாய்த் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. அக்கருவி பெருமூலக்கூறுகளை நிறுத்தறிய வல்லதன்று. அதற்கு அப்பாற் செல்ல வேறு கலம் போதல் வேண்டும்.

பனிக்கடியிற் கடல் உண்டென்பதைத் தெளிவித்தது உப்பு. சனியைச் சூழ்ந்த வளையமொன்று இந்நிலவு உமிழும் பனித்தூளினால் ஆனது. அத்தூளிற் சோடிய உப்புக்கள் இருத்தலை பிராங் போஸ்ற்பேர்க் என்பவர் குழுவினர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆவி உப்பைச் சுமந்து எழாது. உப்புடைய துளியெனின் அது நீர் தெறித்து உறைந்த துளியேயாம். பாறையைத் தழுவிக் கிடக்கும் நீரே அங்ஙனம் உப்புறும். இது வலிகாமத்து வாசகருக்கு விளக்கவேண்டாத பாடம். கோப்பாயிலே செம்மண் தோட்டக் கிணறுகளில் நன்னீர் சுரக்க, கிழக்கே உப்பாற்றங்கரையை அணுக அணுக நீர் உவர்ப்பதையும், வடக்கே நவற்கிரியிலுள்ள நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலையும் நாம் அறிவோம். ஆறில்லாக் குடாநாட்டிலே, கண்ணுக்குப் புலனாகாத நீரை நாவினாற் சோதித்து, அதன் இருப்பையும் ஆழத்தையும் உணர்ந்து வாழ்ந்தவர் நம் முன்னோர். போஸ்ற்பேர்க் குழுவினர் அக்கருவியின் பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டிலே அந்நீரிற் பொசுபேற்று உண்டென்றும் அறிவித்தனர்.

பழைய ஏட்டைப் புதுக்கண்ணோடு படித்தல் என்சலடஸுக்கு மட்டும் உரியதன்று. வியாழனின் பனிநிலவாகிய யுரோப்பாவை, 1997ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி கலிலியோக் கலம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் உயரத்திற் கடந்தது. காந்தமானி அப்போது சில நிமிடம் விசித்திரமாய்த் துள்ளிற்று, காரணம் புலப்படவில்லை. இருபது ஆண்டு சென்றபின், யுரோப்பாவினின்றும் நீரூற்று எழலாமெனத் தொலைநோக்கிச் சான்று காட்டி மெலிசா மக்கிராத் அம்மையார் நிகழ்த்திய உரையைக் கேட்டபோது, அத்துள்ளலை அறிந்தோர்க்கு அது நினைவுக்கு வந்தது. அக்காந்தமானியின் தலைவராயிருந்த மாகிரெற் கிவல்சன் அம்மையார் அப்போது தொண்ணூறை அண்மியவர். அவரும், ஷியான்ஷே ஜியா, கிருஷன் குரானா முதலியோரும் பழைய எண்களைப் புதிய கணக்கிலிட்டு, கலம் ஊற்றொன்றினூடே பறந்திருத்தல் கூடுமென 2018ஆம் ஆண்டில் எழுதினர். நேரிற் கண்டவர் உயிரோடிருந்தார், எண்களும் அழியாதிருந்தன. இரண்டில் ஒன்று இல்லையேல் அக்கட்டுரை இல்லை.

நம் சொந்த நிலவின் கதையும் இவ்வினத்ததே. கோவை மாவட்டத்துக் கோதவாடியிற் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருந்த சந்திரயான் முதற்கலம், 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி ஏவப்பட்டது. காசினி பனித்துகளைப் பிடித்த பதின்மூன்றாம் நாள் அது. அதிற் சென்ற அமெரிக்கக் கருவியொன்று, வறண்டதென்று பேர்பெற்ற சந்திரனிலே நீரின் அடையாளத்தைக் காட்டியபோது, கருவியின் தலைவர் கார்லி பீற்றர்ஸ் அம்மையாருங் குழுவினரும் மகிழவில்லை. கருவி பழுதோ என்றே ஐயுற்றனர். ஐயந்தீர்த்த சான்றுகளுள் ஒன்று, சனிக்குச் செல்லும் வழியில் 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காசினி சந்திரனை நோக்கிப் பதிந்த அளவீடு. ரொஜர் கிளார்க் அதனை 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில், சந்திரயான் முடிவுகளோடு ஒரே வேளையில் வெளியிட்டார். பத்தாண்டு பெட்டிக்குட் கிடந்த பார்வை, வேண்டிய வேளையிற் சாட்சி கூற வந்தது.

இவற்றையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவோர்க்கு ஓர் ஆண்டைத் தாண்டிச் செல்லுதல் அரிதாகின்றது. வொயேஜர் இரண்டாங் கலம் அந்நிலவின் முகத்தை நமக்குத் தெளிவாய்க் காட்டியது 1981 ஓகஸ்டில். அதற்கு மூன்று மாதத்துக்கும் உட்பட்ட காலத்தின் முன், மே 31ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அழிந்த நூல்கள் 97,000 என்பது பொதுவாய்ச் சொல்லப்படுங் கணக்கு. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. அச்சிட்ட நூல்கள் பலவற்றை மறுபடியும் வாங்கவும் இயலும். ஒரே படியாயிருந்த ஓலைச்சுவடிகளை யார் தருவார்? அவற்றுட் பல அன்றுவரை எவராலும் விரிக்கப்படாதன என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. காசினியின் 2008ஆம் ஆண்டு எண்களுந்தாம் 2025 வரை முழுதும் விரிக்கப்படவில்லை. விரிக்கப்படாதது பயனற்றது என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது! அச்சுவடிகளிலே நம் நிலத்தின் மழையும் பஞ்சமுங் கிணறுங் குளமும் பற்றி என்ன எழுதியிருந்தன என்று கேட்க வேண்டிய காலம் இப்போதுதான் வந்திருக்கின்றது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்னும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. முன்னைய நீர் எப்படியிருந்தது என்ற வினா அத்தகைய வழக்கு ஒவ்வொன்றிலும் எழும். விடை கூறவல்லது பழைய அளவீட்டுக் குறிப்பேடு ஒன்றே.

நெருப்பு வைத்துத்தான் ஏட்டை அழிக்கவேண்டுமென்பதில்லை. படிக்கவல்லாரை வெளியேற்றினும் அப்பயனே விளையும். கவாஜாவின் கட்டுரை வெளியாகி இரு வாரங்கூட நிரம்புமுன்னே, காசினியை நடத்திய கலிபோர்ணியாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடம் ஏறத்தாழ 550 பேரை வேலையினின்று நீக்குவதாய் அறிவித்தது. அதற்கு முந்திய 2024ஆம் ஆண்டிலும் இருமுறை ஆட்குறைப்பு நிகழ்ந்தது: பெப்ரவரியில் ஏறத்தாழ 530 பேர், நவம்பரில் ஏறத்தாழ 325 பேர். 2025ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு முன்வைத்த வரவுசெலவுத் திட்டம், விண்வெளி விஞ்ஞானத்துக்குரிய பணத்தை ஏறத்தாழப் பாதியாக்கக் கருதிற்று. மக்கள் பிரதிநிதிகள் அதனை அப்படியே ஏற்க மறுத்தனர். சிக்கனம் எந்த நாட்டுக்கும் வேண்டியதே; பணம் படைத்தார் தம் பணத்தை எப்படிச் செலவிடல் வேண்டுமென்று கோப்பாயிலிருந்து நாம் கட்டளையிட வேண்டுவதில்லை. எனினும் இங்கே கணக்குப் பிழையொன்று இருக்கின்றது. கலம் செய்ய ஆகும் பெருஞ்செலவு, கலம் பறக்கும் அச்சில விநாடிகளுக்காகவே ஆகின்றது. அவ்விநாடிகளின் பொருளை எடுத்துத் தருவோர் சம்பளம் அதில் ஒரு சிறு கூறு. அக்கூற்றை வெட்டுவோர், கிணற்றைப் பாறையுடைத்து வெட்டிவிட்டுக் கயிற்றுக்குக் காசில்லை என்பாரை ஒப்பர்.

காத்திருக்கும் வேலையோ பெரிது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி புறப்பட்ட யுரோப்பா கிளிப்பர் என்னுங் கலம், 2030ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வியாழனை அடையுமாறு வகுக்கப்பட்டுள்ளது. அது யுரோப்பாவை 49 முறை கடக்க வேண்டும். சில வேளைகளில் 25 கிலோமீற்றர் அளவுக்கு நெருங்கும். என்சலடஸுக்கோ, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நிபுணர் குழு 2024ஆம் ஆண்டு மார்ச்சிற் பரிந்துரைத்தவாறு, 2040க்குப் பின்னரே கலம் புறப்படும். போய்ச் சேர்வது 2050க்குப் பின்னர். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இன்று பயிற்சி பெறுவோர் நாளை அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள், அந்நாளில் நடுவயதினராய் இருப்பர்.

அதுவரை இருப்பது காசினியின் ஏடு. அக்கலம் பதின்மூன்று ஆண்டு அனுப்பிய அளவீடுகள் களஞ்சியத்தில் எவருங் கட்டணமின்றி எடுத்துப் படிக்குமாறு வைக்கப்பட்டிருக்கின்றன. படிப்பவர் எந்நாட்டார் என்று அங்கே எவருங் கேட்பதில்லை. காந்தமானியின் 2005ஆம் ஆண்டுக் கோணல் அதிலே இருக்கின்றது. 2008 ஒக்டோபரின் துகள்களும் இருக்கின்றன. அவ்வாண்டு மார்ச் 12ஆந் திகதிக்குரிய இடத்திலே, தூசிக்கருவி வாய்மூடியிருந்த அந்தச் சில விநாடிகள் வெறுமையாய் விடப்பட்டிருக்கின்றன.